ஆயிரம் கஜ ரைஃபிள் அணிப் போட்டிக்குத் தயாராவது எப்படி

ஆயிரம் கஜம் என்பது 914 மீட்டர். தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் கலுங்கில் நின்றுகொண்டு கரையின் மறுமுனையில் மேயும் ஆட்டைப் பார்த்தால், அது வெள்ளாடா செம்மறியா என்று சொல்லக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும்; ஏறத்தாழ அவ்வளவு தொலைவு. அங்கே நிற்கும் இலக்கில் 20 அங்குல விட்டமுள்ள நடுவட்டத்துக்குள், தொலைநோக்கி பொருத்தாத ரைஃபிளால், குப்புறப் படுத்த நிலையில், 15 குண்டுகளையும் இறக்க முயல்வதுதான் நெடுந்தொலைவு இலக்கு ரைஃபிள் போட்டி. அதைத் தனி ஆளாகச் சுடுவது ஒரு வித்தை, அணியாகச் சுடுவது வேறொரு வித்தை. தனிப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்கள் அணியில் படுத்ததும் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கிலாந்தில் வேலை பார்த்த ஆண்டுகளில் ஒரு சங்க அணியில் சுட்டுக் கற்றவற்றை, ஊர் திரும்பிய பிறகு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். 50 மீட்டர் பாயின்ட் 22 ரைஃபிளில் ஓரளவு பழகிவிட்டு, வெளிநாட்டில் படிக்கவோ வேலை பார்க்கவோ போகும் இடத்தில் நெடுந்தொலைவு அணியில் சேர நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தனிப் போட்டியில் காற்றைக் கணிப்பது, குறிநோக்கியைத் திருப்புவது, விசையை அழுத்துவது ஆகிய மூன்றும் உங்கள் வேலை. அணிப் போட்டியில் காற்று உங்களுடையது அன்று, அது உங்கள் பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருக்கும் கோச்சுக்கு உரியது. உங்களிடம் எஞ்சியிருப்பவை இரண்டே வேலைகள். கோச் சொல்லும் நொடியில் ஒரு குண்டைச் சுத்தமாகச் சுட வேண்டும். சுட்ட கணத்தில் குறி எங்கே இருந்தது என்பதை உள்ளது உள்ளபடி அவரிடம் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் இலேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அணி தோற்பது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

போட்டியின் அமைப்பு

நெடுந்தொலைவு அணிப் போட்டிகளில் மூத்ததும் பெயர்பெற்றதும் பால்மா. 1876இல் அமெரிக்காவின் நியூயார்க்கை அடுத்த கிரீட்மோர் தளத்தில் முதன்முதலாகச் சுடப்பட்டது. இன்று 800, 900, 1000 கஜம் என்ற மூன்று தொலைவுகளில், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 15 குண்டுகள் கணக்கில் சேரும். நடுவட்டத்துக்கு 5 புள்ளி. அதற்குள்ளே 10 அங்குல விட்டமுள்ள சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. அதில் விழுந்தாலும் 5 புள்ளிதான், ஆனால் அதை ‘வி’ என்று குறித்துக்கொண்டு, சமநிலை வந்தால் அதிக ‘வி’ வைத்திருப்பவரை மேலே வைப்பார்கள். ஆக, ஒருவர் அதிகம் எடுக்கக்கூடியது 225. உலகப் போட்டியில் அணிக்கு 16 பேர் சுடுவதால் மொத்தம் 3600. ரைஃபிள் பெரும்பாலும் பாயின்ட் 308 வின்செஸ்டர், குண்டின் எடை 155 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 10 கிராம் அளவில் இருக்கும்.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள பிஸ்லி தளத்தில் 1890 முதல் ஆண்டுதோறும் பெருங்கூட்டமாகப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. அங்கே அணிக்கு எட்டுப் பேராக 300, 500, 600 கஜங்களில் சுடும் போட்டி ஒன்றின் பெயர் கோலாப்பூர். ஆம், நம் மராட்டியத்துக் கொல்ஹாப்பூர்தான். அந்த ஊர் அரசரின் பெயரால் 1871இல் அளிக்கப்பட்ட கோப்பைக்காக இன்னும் சுடுகிறார்கள். புதிதாகச் சேர்பவருக்கு இத்தகைய குறுகிய தொலைவுகளிலான அணிப் போட்டியே நல்ல தொடக்கம், ஏனெனில் 600 கஜத்தில் காற்று செய்யும் தவறு 1000 கஜத்தில் செய்வதில் பாதிகூட இராது.

அணியில் தலைவர் ஒருவர், எல்லா இலக்குகளையும் சேர்த்துப் பார்க்கும் தலைமைக் கோச் ஒருவர், ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு கோச், குண்டு விழுந்த இடங்களைத் தாளில் குறிப்பவர், மாற்று ஆட்கள் எனப் பலர் இருப்பார்கள். நகரத்தார் கோயில் கணக்கில் திருமணமான ஒவ்வோர் இணையரையும் ஒரு புள்ளி என்று எழுதுவது நம் பக்கத்து வழக்கம். மணமாகாத தனி ஆளுக்குக் கணக்கில் இடமில்லை. அணியில் படுக்கும் முதல் நாளன்று எனக்கு அந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. உங்கள் பெயருக்கு நேராக எழுதப்படும் எண் உங்களுடையது மட்டும் அன்று, அதில் கோச்சும் குறிப்பவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

ஊரிலிருந்தே தொடங்குவது

செட்டிநாட்டைச் சுற்றி ஆயிரம் கஜத் தளம் இல்லை. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை, இந்த வித்தையில் பாதியைத் தோட்டா இல்லாமலே கற்க முடியும். இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல் தோன்றியது. அதன் கீழுள்ள மாநில, மாவட்டச் சங்கங்கள் வழியாக 50 மீட்டரில் குப்புறப் படுத்துச் சுடும் முறையை முறையாகப் பயிலுங்கள். உரிமம் இன்றித் துப்பாக்கியை வைத்திருப்பதோ, தளத்துக்கு வெளியே சுடுவதோ குற்றம் என்பதோடு, எந்த நல்ல அணியும் அப்படிப்பட்டவரைச் சேர்க்காது. பாயின்ட் 177 அங்குலத்துக்கு மிகாத துளையும், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதால், வீட்டில் குண்டில்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகும் வெற்று விசைப் பயிற்சிக்கு அது போதும்.

அந்தப் பயிற்சிக்கு நம் வீடுகளைப் போல வாய்ப்பான இடம் வேறெங்கும் இல்லை என்றே சொல்வேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீட்டில், வாசல் நிலையில் நின்றால் பின்வாசல் நிலை நேர்கோட்டில் தெரியும். முகப்பில் படுத்துக்கொண்டு 30 மீட்டருக்கு அப்பால் பின்கட்டுச் சுவரில் 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள கரும்புள்ளி ஒன்றை ஒட்டினால், ஆயிரம் கஜத்தில் உள்ள 44 அங்குலக் கரும்புள்ளி கண்ணுக்கு எந்த அளவில் தெரியுமோ அதே அளவில் தெரியும். ஆத்தங்குடித் தளக்கல் வழுவழுப்பானது, முழங்கை நழுவும். ஆகவே கோரைப்பாயை விரித்து, அதன்மேல் ரப்பர் விரிப்பு ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள். தொடங்குமுன் குழல் காலியாக இருப்பதை மூன்று முறை பாருங்கள், குண்டு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது, பின்வாசலைத் தாழிட்டு, வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டு, குறுக்கே யாரும் வரமாட்டார்கள் என்று உறுதி செய்த பிறகே படுக்க வேண்டும். என் அப்பத்தா இருந்த காலத்தில், நான் படுக்கும்போதெல்லாம் வளவின் தூணருகே ஒரு முக்காலியைக் குறுக்கே போட்டு அதில் அமர்ந்துகொண்டு, யாரையும் தாண்ட விடாமல் காவல் இருப்பார்.

படுத்த பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இடக்கையில் வார் இறுகியிருக்க, கரும்புள்ளி குழல் முனையிலுள்ள முன்வளையத்தின் நடுவில் நிற்கும்படி குறிபார்த்து, கண்களை மூடிக்கொண்டு இரண்டு முறை மூச்சுவிட்டு, மறுபடி திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் தோளாலோ கையாலோ தள்ளித் திருத்தாதீர்கள். இடுப்பையும் காலையும் சிறிது நகர்த்தி, உடல் தானாகவே இலக்கை நோக்கும்படி செய்யுங்கள். தசையால் பிடித்து நிறுத்திய குறி பத்தாவது குண்டுக்குள் களைத்துவிடும்.

பிறகு ஒரு துணையாளை அருகில் உட்காரச் சொல்லுங்கள். தம்பியோ, அத்தை மகனோ, யாராக இருந்தாலும் சரி. நீங்கள் தயாரானதும் ‘தயார்’ என்று சொல்ல வேண்டும், அவர் தம் விருப்பப்படி இரண்டு நொடியிலோ இருபது நொடியிலோ ‘சுடு’ என்று சொல்லுவார். சொன்ன ஐந்து நொடிக்குள் விசை விழ வேண்டும். விழாவிட்டால் கன்னத்தை எடுத்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். விழுந்ததென்றால், அந்தக் கணத்தில் குறி எங்கே நின்றது என்பதைக் கடிகார முள்ளின் கணக்கில் உடனே சொல்லுங்கள்: ‘நடு’, ‘மூன்று மணிப் பக்கம் கொஞ்சம்’, ‘ஆறு மணி, விளிம்பில்’. ஒரு மாதம் நாளுக்கு இருபது நிமிடம் இப்படிச் செய்தவர், அணிக்குள் வந்ததும் முதல் நாளிலேயே கோச்சின் நம்பிக்கையைப் பெறுவதை நான் கண்டிருக்கிறேன்.

ரைஃபிளும் கணக்கும்

அணியில் ஒருவரின் ரைஃபிள் இன்னொருவரின் ரைஃபிளோடு பேச வேண்டும். கோச் ‘இடது மூன்று மினிட்’ என்று சொன்னால், அந்தச் சொல் எட்டு ரைஃபிள்களிலும் ஒரே பொருளைத் தர வேண்டும். மினிட் என்பது கோண அளவு; ஒரு மினிட் 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல், 1000 கஜத்தில் பத்தரை அங்குலம். உங்கள் குறிநோக்கியின் பூஜ்யம் உண்மையாகவே பூஜ்யமாக இல்லையென்றால், அதாவது டயல் பூஜ்யத்தில் நிற்கையில் காற்றில்லாத வேளையில் குண்டு பக்கவாட்டில் விலகாமல் நேராகப் போகவில்லையென்றால், கோச்சின் கணக்கு முழுவதும் உங்கள் இலக்கில் மட்டும் பிழையாகிவிடும். ஆகவே போட்டிக்கு முந்தைய நாள்களில் 100 கஜத்திலோ 300 கஜத்திலோ காலை அமைதியான நேரத்தில் பூஜ்யத்தைச் சரிபார்த்து, அடையாளத்தைக் குறித்து வையுங்கள். உயரத்துக்கான அளவையும் ஒவ்வொரு தொலைவுக்கும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். 155 கிரெய்ன் குண்டில், 800 கஜத்திலிருந்து 900 கஜத்துக்கும், அங்கிருந்து 1000 கஜத்துக்கும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 5 மினிட் ஏற்ற வேண்டியிருக்கும். உங்கள் ரைஃபிளுக்குரிய துல்லியமான எண்ணை நீங்களே சுட்டுக் கண்டுபிடியுங்கள்.

தோட்டாவில் வேக வேறுபாடு ஒரு தொல்லை. நொடிக்கு 10 அடி வேகம் கூடினால் 1000 கஜத்தில் குண்டு ஏறத்தாழ 3 அங்குலம் மேலே விழும். பல போட்டிகளில் எல்லோருக்கும் ஒரே தோட்டாவை வழங்குவதால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் கிடந்த தோட்டா வேறு, நிழலில் இருந்த தோட்டா வேறு. பெட்டியை எப்போதும் துணியால் மூடி வையுங்கள். கோச் காற்றுக்காகக் காத்திருக்கச் சொல்லும்போது, சூடேறிய குழலுக்குள் தோட்டாவை அடைத்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் கிடக்கக் கூடாது. வெடிமருந்து சூடேறி, அந்தக் குண்டு மேலே போய் விழும். நீங்கள் நன்றாகச் சுட்டிருந்தும் காரணம் தெரியாமல் விழிப்பீர்கள்.

வெளிநாட்டுக்கு ரைஃபிளைக் கொண்டுபோவதற்கு இரண்டு நாட்டு அனுமதியும் விமான நிறுவனத்தின் ஒப்புதலும் வேண்டும். முதல் ஆண்டில் அந்த அலைச்சலைத் தவிர்த்து, சேரும் சங்கத்திலேயே வாடகைக்கோ இரவலாகவோ வாங்கிச் சுடுவது நல்லது.

காற்றைப் படிப்பது

சுடுகிறவருக்குக் காற்று உரியது அன்று என்று சொன்னேன். அதற்காக அதைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. கோச் ஏன் காத்திருக்கச் சொல்கிறார் என்பது புரிந்தவரால்தான் பொறுமையாகக் கிடக்க முடியும். பயிற்சி முற்றியதும் கோச் இருக்கையில் அமரும் வாய்ப்பும் உங்களுக்கு வரும்.

கணக்கு எளியது. 1000 கஜத்தில், மணிக்கு ஒரு மைல் வேகத்தில் குறுக்காக வீசும் காற்று, பாயின்ட் 308 குண்டை ஏறத்தாழ ஒரு மினிட் அளவுக்குத் தள்ளும். நடுவட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து விளிம்பு வரை உள்ள தொலைவே ஒரு மினிட்தான். அதாவது, கன்னத்தில் உணரவும் முடியாத மாற்றம் 5 புள்ளியை 4 ஆக்கிவிடும். காற்று முழுக் குறுக்காக வீசாமல் சாய்வாக வீசினால் அதன் தாக்கம் குறையும்: சுடும் திசையோடு 30 பாகையில் வீசினால் பாதி, 45 பாகையில் பத்தில் ஏழு, 60 பாகையில் ஏறத்தாழ முழுமையாகவே தள்ளும். தளத்துக் கொடிகளைப் பார்க்கும்போது, கம்பத்துக்கும் கொடித்துணிக்கும் இடைப்பட்ட கோணத்தை நான்கால் வகுத்தால் வேகம் மைலில் கிடைக்கும் என்பது தோராயமான கைக்கணக்கு. மழையில் நனைந்த கொடிக்கு அது பொருந்தாது.

கொடியைவிட நுட்பமானது கானல். தொலைநோக்கியை முதலில் இலக்கில் தெளிவாக்கி, பிறகு பாதித் தொலைவுக்குச் சற்று இப்பால் தெளியும்படி குவியத்தைப் பின்னுக்குத் திருப்பினால், இலக்கு மங்கி, அதன்மேல் நீரோட்டம் போலக் கானல் ஓடுவது தெரியும். இடமிருந்து வலம் ஓடினால் காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது. ஓட்டம் நின்று, அடுப்பில் வைத்த பாத்திரத்துத் தண்ணீர் போல நேர் மேலே கொதித்தால், காற்று அடங்கிவிட்டது, அல்லது நேர் எதிரிலோ பின்னாலோ திரும்பிவிட்டது, அல்லது மறுபக்கம் மாறப்போகிறது. அந்த நேரத்தில் எந்தக் கோச்சும் ‘சுடு’ என்று சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காற்று மணிக்கு 12 மைலைத் தாண்டினால் கானல் படுத்துவிடும், வேக வேறுபாடு தெரியாது. அப்போது கொடியையும் மரங்களையும்தான் நம்ப வேண்டும்.

இதைக் கற்பதற்கு நம் பக்கத்து நிலத்தைப் போல நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் செம்மண் பொட்டல் காலை எட்டு மணிக்கே கானல் விடத் தொடங்கும். ஒரு தொலைநோக்கியை முக்காலியில் பொருத்திக் கலுங்கில் உட்காருங்கள். துப்பாக்கி வேண்டியதில்லை, அதை அங்கே கொண்டுவரவும் கூடாது. எதிர்க்கரையிலுள்ள தைலமரத் தோப்பையும், நடுவே நிற்கும் சீமைக்கருவேல மரத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடமும் கானலின் திசையையும் வேகத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுவில் ஒருவரைக் கையடக்கக் காற்றுமானியோடு நிற்க வைத்துக் கைபேசியில் கேட்டுச் சரிபாருங்கள். கொண்டலும் வாடையும் கச்சானும் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று நம் பெரியவர்கள் பெயரிட்டே அறிந்திருந்தார்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று ஒரே சீராக வீசுவதுபோல் தோன்றினாலும், அதற்குள்ளே ஏறி இறங்கும் அலை ஒன்று இருப்பது தொலைநோக்கி வழியே பார்த்தால்தான் தெரியும். அந்த அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று எண்ணிப் பழகுங்கள். நல்ல கோச் காற்றின் எல்லா நிலைக்கும் சுடச் சொல்வதில்லை. அடிக்கடி திரும்பி வரும் ஒரு நிலையைத் தேர்ந்துகொண்டு, அது வரும்வரை காத்திருந்து, அதிலேயே பதினைந்தையும் முடிக்கப் பார்ப்பார்.

சுடுவரிசையில்

அணித் தலைவர் வரிசையை அறிவிப்பார். நிதானமாகத் தொடங்குபவரை முதலில் படுக்க வைப்பது வழக்கம், ஏனெனில் அவருடைய முதல் சில குண்டுகளை வைத்தே கோச் காற்றின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் சுடச் சொன்னாலோ, மாற்று ஆளாக உட்கார வைத்தாலோ மனம் சுருங்க வேண்டாம்.

படுத்ததும் உங்கள் இலக்கின் எண்ணை வாய்விட்டுச் சொல்லி, கோச்சும் அதையே சொல்லக் கேளுங்கள். 1874இல் கிரீட்மோரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் அணிக்கு ஆறு பேராகச் சுட்டபோது, அயர்லாந்துக்காரர் ஒருவர் நடுவட்டத்தைத் துல்லியமாக அடித்தார். ஆனால் பக்கத்து இலக்கில். அதற்குப் பூஜ்யம் எழுதினார்கள். அந்தக் காலக் கணக்கில் நடுவட்டத்துக்கு 4 புள்ளி. அமெரிக்கா 934, அயர்லாந்து 931 என்று போட்டி முடிந்தது. இதைக் கேட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் கண்ணை இலக்கிலிருந்து சற்று மேலேற்றி எண்பலகையைப் பார்த்துவிட்டே குறிக்குள் இறங்குவேன். ஒரு நொடிதான் ஆகும்.

பெரும்பாலும் இரண்டு ஒத்திகைக் குண்டுகள் தருவார்கள். அவை கோச்சுக்காகத் தரப்படுபவை. குறிநோக்கியில் காற்றுக்காகத் திருப்பும் டயலை சில அணிகளில் கோச்சே கைநீட்டித் திருப்புவார், சில அணிகளில் அவர் சொல்ல நீங்கள் திருப்புவீர்கள். நீங்கள் திருப்புவதாக இருந்தால், ‘இடது நான்கு’ என்று அவர் சொன்னதும் ‘இடது நான்கு’ என்று திரும்பச் சொல்லிய பிறகே தோட்டாவை அடையுங்கள். பேச்சு அவ்வளவோடு நிற்க வேண்டும். முந்தைய குண்டைப் பற்றிய வருத்தமோ காற்றைப் பற்றிய உங்கள் கருத்தோ அந்த இடத்தில் அவருக்குத் தேவையில்லை.

குண்டு போனதும், இலக்கு கீழே இறங்கி அடையாள வட்டுடன் மேலே வருவதற்குச் சில நொடிகள் ஆகும். உங்கள் சொல் அந்த இடைவெளியில் வந்துவிட வேண்டும். இலக்கு மேலே வந்த பிறகு சொல்வதற்கு மதிப்பில்லை. மின்னணு இலக்காக இருந்தால் திரையில் உடனே தெரிந்துவிடும், ஆகவே திரையை உங்கள் கண்ணுக்கு மறைத்துக்கொள்ளுங்கள்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை என் சொந்தத் தவற்றிலிருந்தே சொல்கிறேன். 900 கஜத்தில் என் ஒன்பதாவது குண்டு. எங்கள் கோச் வயதில் மூத்த ஈழத் தமிழர். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எட்டுக் குண்டுகளும் நடுவட்டத்துக்குள் இருந்தன. ஒன்பதாவதில் விசையைப் பிடுங்கிவிட்டேன், முன்வளையம் மூன்று மணிப் பக்கம் நழுவியதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

“எப்படி, தம்பி?” என்று கேட்டார்.

“நல்லா இருந்துச்சு, அண்ணே” என்றேன். வெட்கத்தால் வந்த பொய் அது.

இலக்கு மேலே வந்தது. வலப்பக்கம், 4. என் சொல்லை நம்பிய அவர், இடப்பக்கக் காற்று தமக்குத் தெரியாமல் கூடிவிட்டது என்று முடிவு செய்து, டயலை இடப்பக்கம் ஒரு மினிட் திருப்பினார். தலைமைக் கோச்சுக்கும் அதைச் சொல்ல, அடுத்த இலக்கின் கோச்சும் சிறிது இடப்பக்கம் திருப்பிக்கொண்டார். என் பத்தாவது குண்டைச் சுத்தமாகச் சுட்டேன். இடது விளிம்பைத் தாண்டி 4. பக்கத்து இலக்கிலும் ஒரு 4. என் ஒரு பொய்யால் அணிக்கு இரண்டு புள்ளி போனது. அதைவிடப் பெரிய இழப்பு, அடுத்த ஐந்து குண்டுகளுக்கு அவர் தம் கண்ணையே சந்தேகித்ததுதான். மாலையில் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “மூணு மணி எண்டு நீ சொல்லியிருந்தா, நான் டயலைத் தொட்டிருக்கவே மாட்டன்” என்றார்.

ஆகவே, மோசமாகச் சுட்டால் மோசம் என்று சொல்லுங்கள். எங்கே நின்றது என்று தெரியாவிட்டால் ‘பார்க்கவில்லை’ என்று சொல்லுங்கள், அதுவும் கோச்சுக்குப் பயன்படும் செய்திதான். குறிப்பவர் தாளில் இரண்டு குறிகள் விழ வேண்டும்: நீங்கள் சொன்ன இடம், குண்டு விழுந்த இடம். இரண்டுக்கும் இடையிலுள்ள பக்கவாட்டு வேறுபாடு காற்றின் கணக்கு. மேல்கீழ் வேறுபாடு ரைஃபிளின் அல்லது தோட்டாவின் கணக்கு. தொடர்ந்து மூன்று குண்டுகள் ஒரே பக்கம் மேலோ கீழோ போனால் மட்டும் உயரத்தைக் கால் மினிட் திருத்துவது போதும். ஒற்றைக் குண்டுக்காக உயரத்தைத் தொடுகிற பழக்கம் வந்துவிட்டால் குழுமம் சிதறிவிடும்.

கோச்சாக அமர்பவரும் தம் பங்குக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். காற்றை அவர் தவறவிட்டால் ‘அது என்னுடையது’ என்று உடனே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்கும் சுடுநர் தம் பிடியையும் விசையையும் மாற்றிக்கொண்டு தவிக்காமல், அடுத்த குண்டையும் அதே மாதிரி சுடுவார்.

வெயிலிலோ மழையிலோ மூன்று தொலைவுகளும் முடிய ஒரு நாள் முழுவதும் ஆகிவிடும். தடித்த சட்டைக்குள் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும், உப்புக் கலந்த மோரோ தண்ணீரோ இடைவிடாமல் குடியுங்கள், மதியத்தில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். காதடைப்பு இல்லாமல் வரிசைக்கு அருகில்கூடப் போகக் கூடாது. உங்கள் முறை முடிந்ததும் போல்ட்டைத் திறந்து, குழல் காலியாக இருப்பதை அதிகாரியிடம் காட்டிவிட்டு எழுங்கள். எழுந்ததும் அடுத்தவருக்கு இடைஞ்சல் இல்லாமல் பின்னால் போய்விடுங்கள். நண்பர்களிடம் உங்கள் புள்ளிகளை உரக்கச் சொல்வது, இன்னும் சுடாதவரின் மனத்தைக் கலைக்கும்.

அன்று இரவே, குறிப்பவரின் தாளை வாங்கி உங்கள் நோட்டில் பேரேடு எழுதுவதுபோல் ஒவ்வொரு குண்டையும் பதிவு செய்யுங்கள்: தொலைவு, டயலில் இருந்த காற்றளவு, உயர அளவு, வெளிச்சம், நீங்கள் சொன்ன இடம், விழுந்த இடம். வரவு, பற்று என்று பிரித்து எழுதும் நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் அன்றைய கணக்கை அன்றே முடிக்காமல் விளக்கை அணைக்கமாட்டார்கள். அந்தப் பழக்கம் இங்கே அப்படியே பொருந்தும். நீங்கள் சொன்ன இடமும் குண்டு விழுந்த இடமும் பதினைந்தில் எத்தனை முறை ஒத்துப்போயின என்று எண்ணி, அந்த எண்ணைப் பக்கத்தின் கீழே தனியாக எழுதுங்கள். அணித் தலைவர் அடுத்த ஆண்டுக்கு ஆள் எடுக்கும்போது, உங்கள் மொத்தப் புள்ளிகளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைத்தான் கேட்பார்.